கைதட்டலுக்கா, கையெழுத்துக்கா? குழந்தைப் பசியை மேடையில் பேசுவது: வாசகர் கேள்வி பதில்

அக்டோபர் 16 உலக உணவு நாளையொட்டிப் பள்ளிகளிலும் பொது இயக்கங்களிலும் பேச்சுகள் ஏற்பாடாகி வருவதால் போலும், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைக் கேட்டிருக்கின்றன. குழந்தைகளின் பசியை ஒழிப்பது பற்றி எப்படிப் பேசினால் கேட்பவர் மனம் இணங்கும் என்பதே அது. ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி ‘பசியில்லாக் குழந்தைப் பருவம்’ என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேசப் போகிறாள். “உலகில் 733 மில்லியன் மக்கள் பசியால் வாடுகிறார்கள்” என்று தொடங்கி, முதல் பத்தியிலேயே ஐந்து புள்ளிவிவரங்களை அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். நடுவர்கள் ஆதாரத்தை எதிர்பார்ப்பார்கள் என்பதால் எண்களைக் குறைக்கத் தயக்கமாக இருக்கிறது. நான் செய்தது சரிதானா?
– ஓர் ஆசிரியை, செந்தூல்

பதில்: எண்ணில் பிழையில்லை. 2023-ஆம் ஆண்டில் போதிய உணவின்றி இருந்தவர்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கூட்டாக மதிப்பிட்ட தொகைதான் அது. ஆனால் அதில் எல்லா வயதினரும் அடக்கம். உங்கள் மாணவியின் தலைப்போ குழந்தைகளைப் பற்றியது. தலைப்புக்குப் பொருந்தும் எண் வேண்டுமானால், 2022-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 148 மில்லியன் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தார்கள் என்பதைச் சொல்லலாம். இருந்தாலும் அந்த எண்ணையும் முதல் வாக்கியத்தில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு கணக்கெடுப்பில் பங்கேற்றதற்காக ஒவ்வொருவருக்கும் ஐந்து ஒரு டாலர் நோட்டுகளைக் கொடுத்து, பிறகு குழந்தைகளுக்கான அறக்கொடை வேண்டும் கடிதம் ஒன்றையும் கையில் தந்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கிடைத்த கடிதத்தில் மாலி நாட்டைச் சேர்ந்த ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமி மட்டும் இருந்தாள். இன்னொரு பிரிவினரின் கடிதத்தில் மலாவியில் 3 மில்லியனுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உணவுப் பற்றாக்குறையில் இருக்கிறார்கள் என்பது போன்ற எண்கள் மட்டும் இருந்தன. சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். எண்களைப் படித்தவர்கள் 1.14 டாலர் கொடுத்தார்கள். இதுவரை வியப்பில்லை. மூன்றாவது பிரிவினரின் கடிதத்தில் சிறுமியும் இருந்தாள், எண்களும் இருந்தன. அவர்கள் இரண்டையும் கூட்டிக் கூடுதலாகக் கொடுக்கவில்லை, சராசரியாக 1.43 டாலரோடு நிறுத்திக்கொண்டார்கள். சிறுமியின் பக்கத்தில் எண்ணைக் கொண்டுபோய் வைத்ததும் சிறுமியின் மீதிருந்த இரக்கமே வற்றிவிட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. (மனிதர்களுக்கு இப்படியொரு சாய்வு இருக்கிறது என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லியும் பார்த்தார்கள். அப்போது சிறுமிக்குக் கொடுப்பது குறைந்தது. எண்களுக்குக் கொடுப்பது கூடவில்லை. மனித மனத்தைத் திருத்துவது அவ்வளவு எளிதில்லை.)

எனவே எண்ணையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து எண்களில் நான்கை எடுத்துவிட்டு, மீதமுள்ள ஒன்றை அது வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். தொடக்கம் ஒரு பிள்ளையாக இருக்கட்டும். உங்கள் மாணவி இப்படித் தொடங்கினால் என்ன?

“ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். காலை ஏழரை மணிக்குச் சபைகூடல். ஏழே முக்காலுக்கு அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறாள். எட்டு மணிக்குத் தூணில் சாய்ந்துகொள்கிறாள். ‘ஏன், காலையில் பசியாறவில்லையா?’ என்று ஆசிரியர் கேட்கிறார். ‘அம்மா இரவு வேலை முடிந்து இன்னும் வரவில்லை, டீச்சர்’ என்கிறாள்.”

இதில் ‘பசி’ என்று யாரும் புலம்பவில்லை. கண்ணீர் இல்லை; ‘ஐயகோ’ இல்லை. அவையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் அந்தத் தூண் தெரியும். ‘நினைத்துப் பாருங்கள்’ என்ற சொற்களைத் தவறியும் நீக்கிவிடாதீர்கள். கற்பனைப் பிள்ளையை உண்மைப் பிள்ளையாகக் காட்டிவிட்டு, பிறகு யாராவது ‘எந்த வகுப்பு?’ என்று கேட்டுவிட்டால் பேச்சு முழுவதும் பொய்யாகிவிடும்.

பிறகு எண் வரட்டும், அதுவும் நம் நாட்டு எண்ணாக. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். ‘இருபத்தொன்று புள்ளி எட்டு’ என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்லும்போது நடுவர் குறித்துக்கொள்வார், அவை கேட்காது. “ஐந்து குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால் அவர்களில் ஒருவர்” என்று சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு ஆய்வின் பெயரையும் ஆண்டையும் சொல்லட்டும். நடுவருக்கு ஆதாரமும் கிடைக்கும், அவைக்குப் பொருளும் விளங்கும்.

*

கேள்வி: அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி பசி ஒழிப்பைப் பற்றி ஆற்றிய உரையின் வற்புறுத்தும் உத்திகளை ஆராயும்படி எங்களுக்கு ஒப்படைப்பு கொடுத்திருக்கிறார்கள். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றையும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
– கல்லூரி மாணவர், கோலாலம்பூர்

பதில்: பேசுபவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் ஒழுங்கு என்ற அந்த மூன்றையும் எந்தப் பேச்சின் மீதும் ஒட்டிவிடலாம், விளம்பரத்தின் மீதுகூட ஒட்டலாம். அதனால்தான் உங்களுக்கு மேற்கொண்டு எழுத வரவில்லை. ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1963 ஜூன் 4-ஆம் நாள் வாஷிங்டனில் கூடிய உலக உணவு மாநாட்டில் கென்னடி சொன்னதன் சாரம் இது: மனித இனத்தின் உறுப்பினர்களாகிய நம்மிடம் ஆற்றல் இருக்கிறது, வழிவகை இருக்கிறது, நம் வாழ்நாளிலேயே இப்பூமியிலிருந்து பசியைத் துடைத்தெறியும் திறன் இருக்கிறது, நமக்கு வேண்டியது மனவுறுதி மட்டுமே.

‘இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது’ என்று தமிழில் மூன்று முறை ஒரே முடிவாக நிற்பது, ஆங்கிலத்தில் ‘we have’ என்று மூன்று முறை ஒரே தொடக்கமாக வருகிறது. மூன்றாவது, முதலிரண்டைவிட நீளமானது; பேசுபவரின் மூச்சும் கேட்பவரின் எதிர்பார்ப்பும் அங்கே ஒருசேர உயர்கின்றன. உடனே ஆங்கிலத்தில் ஐந்தே சொற்களில் ஒரு வாக்கியம் வந்து விழுகிறது. நீளமும் குறுக்கமும் இப்படி மோதும்போது குறுக்கமான வாக்கியமே நினைவில் தங்கும். இது செவிக்கான உத்தி.

வாதத்துக்கான உத்தி அதைவிட நுட்பமானது. ‘எங்களிடம் வசதியில்லை’ என்பதுதான் பசியைப் பற்றிப் பேசும்போது அரசுகள் முதலில் சொல்லும் சாக்கு. கென்னடி அந்தச் சாக்கை யாரும் சொல்வதற்கு முன்பே எடுத்துவிடுகிறார். ஆற்றலும் வழியும் திறனும் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்ட ஒருவர், பிறகு ஒன்றும் செய்யாமலிருந்தால் மனமில்லாதவர் என்று ஆகிவிடுகிறார். பாராட்டுவது போல் தொடங்கிப் பொறுப்பைத் தலையில் ஏற்றிவிடுவது இந்த வாக்கியங்களின் வேலை.

ஆனால் உங்கள் ஒப்படைப்பு இதோடு நின்றால் பாதிதான் ஆகும். ‘நம் வாழ்நாளிலேயே’ என்ற சொற்களை மறுபடியும் பாருங்கள். 1974 நவம்பரில் ரோம் நகரில் நடந்த உலக உணவு மாநாட்டில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸிஞ்சர் அதை இன்னும் இறுக்கி, பத்தாண்டுகளுக்குள் எந்தக் குழந்தையும் பசியோடு உறங்கப் போகாது என்று இலக்கு வைத்தார். 1984 வந்தது, எத்தியோப்பியாவின் பஞ்சத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 1996-இல் அதே ரோமில் கூடியவர்கள், 2015-க்குள் பசித்தவர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குவோம் என்றார்கள். 2015-இல் கூடியவர்கள், 2030-க்குள் பசியே இருக்காது என்றார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லழகு குறையவில்லை. கெடு மட்டும் தள்ளிப் போனது. கேட்பவரை எழுப்பி உட்கார வைக்கும் அதே உத்தி, அடுத்து பேச வருபவரின் மீதுள்ள நம்பிக்கையைச் செலவழித்துவிடுகிறது. பெரிய வாக்குறுதி கொடுக்கும் உரையை அது நிறைவேறியதா என்பதைக் கொண்டும் எடை போட வேண்டும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் விரிவுரையாளர் அதற்கு மதிப்பெண் குறைப்பாரென்று நான் நினைக்கவில்லை.

*

கேள்வி: பசியைப் பற்றிய உரையைப் பாரதியின் வரியோடு முடிப்பது பழசாகிவிட்டதா?
– வாசகர், ஈப்போ சாலை, கோலாலம்பூர்

பதில்: வரி பழசாகவில்லை. ‘தனியொருவனுக்கு’ என்று பேச்சாளர் வாயெடுத்ததும் மீதியை அவையே முணுமுணுத்து முடித்துவிடுகிறது. கைதட்டல் தானாக வருகிறது. பேசியவர் என்ன கேட்டார் என்பது அந்த ஓசையில் மறைந்துபோகிறது. அதுதான் சிக்கல். அந்தப் பாடலில் உலகை அழிக்கும் பேச்சுக்கு முன்னால், ஒரு விதி செய்து அதை எந்நாளும் காப்பது பற்றி வருகிறது. பேச்சாளர்கள் தாண்டிச் செல்லும் இடம் அது. உங்கள் உரை எந்த விதியைக் கேட்கிறது என்று சொல்ல முடிந்தால் பாரதியை அழையுங்கள். சொல்ல முடியாவிட்டால் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

*

கேள்வி: அண்மையில் இங்கே ஒரு மண்டபத்தில் நடந்த அறநிதி விருந்தில், எலும்பும் தோலுமான ஆப்பிரிக்கக் குழந்தையின் படத்தைப் பெரிய திரையில் காட்டியபடி ஒருவர் பேசினார். பெண்கள் பலர் அழுதார்கள். ஆனால் நம் வட்டாரப் பிள்ளைகளின் காலை உணவுக்காக என்று உண்டியல் சுற்றி வந்தபோது அதிகம் சேரவில்லை. இதற்கு என்ன காரணம்? அப்படிப் படம் காட்டுவது முறைதானா?
– இல்லத்தரசி, பட்டர்வொர்த்

பதில்: காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. திரையில் இருந்த பிள்ளை வேறு, உண்டியல் கேட்ட பிள்ளை வேறு. அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்கிய ஒருவர் வெளியே வந்து பினாங்கில் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் ஓடியாடும் பிள்ளைகளைப் பார்த்தால், ‘இவர்களுக்கு என்ன குறை, கொழுகொழுவென்றுதானே இருக்கிறார்கள்’ என்றே நினைப்பார். நம் ஊரின் பசி பெரும்பாலும் அந்த உருவத்தில் வருவதில்லை. யூனிசெஃப் மலேசியா 2018-இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூர் வட்டாரத்தின் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் குழந்தைகளைப் பற்றியது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைந்திருந்தார்கள். அதே அடுக்குமாடிகளில் 23 விழுக்காட்டுக் குழந்தைகள் அளவுக்கு மீறிய எடையோடும் இருந்தார்கள். ஏறத்தாழப் பத்துக்கு ஒரு பிள்ளை நாளுக்கு மூன்று வேளைக்கும் குறைவாகச் சாப்பிட்டது. வெறும் சோற்றில் கிச்சாப்பு (சோயா சாறு) ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் பிள்ளைக்கும், இரவுக்கும் காலைக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் மேகி மீ சாப்பிடும் பிள்ளைக்கும் வயிறு நிறைந்தது போலிருக்கும். உடம்பு வளர்வதற்கு வேண்டிய புரதமும் இரும்புச் சத்தும் உள்ளே போயிருக்காது. ஒட்டிய வயிற்றை மட்டும் பசியின் அடையாளமாகத் திரையில் காட்டும் பேச்சாளர், தம் ஊர்ப் பிள்ளையின் பசியைத் தாமே மறைத்துவிடுகிறார்.

முறையா என்று கேட்டீர்கள். 1993 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் வந்த ஒரு படம் உங்களுக்கு நினைவிருக்கலாம்: சூடானில் தரையில் சுருண்டு கிடக்கும் குழந்தையும், பின்னால் உட்கார்ந்திருக்கும் கழுகும். கெவின் கார்ட்டர் எடுத்த அந்தப் படத்துக்கு 1994-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இன்றுவரை நம் பேச்சுப் போட்டிகளில் அதைக் காட்டாத ஆண்டில்லை. ஆனால் படம் வெளிவந்ததும் வாசகர்கள் அந்த ஏட்டிடம் திரும்பத் திரும்பக் கேட்டது சூடானின் பஞ்சத்தைப் பற்றியன்று. ‘அந்தக் குழந்தை என்ன ஆயிற்று, படம் எடுத்தவர் என்ன செய்தார்’ என்பதைத்தான். ஆசிரியர் குழு தனிக்குறிப்பே வெளியிட வேண்டியதாயிற்று. அளவுக்கு மீறிய காட்சி கேட்பவரின் கவனத்தைப் பொருளிலிருந்து பிடுங்கித் தன்மீதே வைத்துக்கொள்ளும். அதிர்ச்சி அடைந்தவர் கொடுப்பதைவிட முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கே வாய்ப்பு அதிகம்.

அந்தப் பிள்ளையின் பெற்றோரைக் கேட்டா படத்தைத் திரையில் போட்டார்கள்? நம் வீட்டுப் பிள்ளையை அந்த நிலையில் முந்நூறு பேருக்கு முன்னால் காட்டுவோமா? காட்டமாட்டோம் என்றால் பிறர் பிள்ளையையும் காட்டக் கூடாது. பொருளைக் காட்டுங்கள், பிள்ளையைக் காட்ட வேண்டாம். உலக உணவுத் திட்டத்தின் தலைவராக 2007 முதல் 2012 வரை இருந்த ஜோசெட் ஷீரன் தம் உரைகளில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குவளையைத் தூக்கிக் காட்டுவார். பள்ளியில் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றும் குவளை அது. அதை ஒரு முறை நிரப்ப அமெரிக்கக் காசில் 25 சென்ட் போதும் என்பார். காலியான குவளையைப் பார்த்தவர் அழமாட்டார். ஆனால் தம் சட்டைப்பையில் எத்தனை குவளை இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார். உங்கள் மண்டபத்தில் அந்த இரவு நடக்க வேண்டியது அதுதான்.

*

கேள்வி: எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், பசியாறாமல் வரும் பிள்ளைகளுக்காகக் காலை உணவு நிதி தொடங்க வேண்டும் என்று நான் பேச வேண்டும். ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். “ஆர்.எம்.டி. (பள்ளிகளில் ஏழை மாணவர்களுக்கு அரசு தரும் துணை உணவுத் திட்டம்) இருக்கிறதே” என்றும், “கைப்பேசி வாங்கப் பணமிருக்கிறது, பிள்ளைக்குச் சோறு போடப் பணமில்லையா” என்றும் சிலர் கிளம்புவார்கள் என்று இப்போதே தெரிகிறது. காமராஜர், எம்.ஜி.ஆர். பற்றிச் சொல்லித் தொடங்கலாமா?
– சங்கச் செயலவை உறுப்பினர், பந்தாய் டாலாம்

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். மற்றவர்கள் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பேசி முடித்தபின் நடக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

முதலில் எதிர்ப்பாளர்களைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின் போது கார்ல் ஹோவ்லண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கப் போர்வீரர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பசிபிக் போர் இன்னும் நெடுநாள் நீடிக்கும் என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். ஒரு வானொலி உரை அதற்கான காரணங்களை மட்டும் சொன்னது. இன்னோர் உரை எதிர்த்தரப்பு வாதங்களையும் எடுத்துச் சொன்னது. ஏற்கெனவே அதே கருத்தில் இருந்தவர்களிடம் ஒருதலை உரை நன்றாக எடுபட்டது. மாறான கருத்தில் இருந்தவர்களிடமோ இருதரப்பையும் சொன்ன உரையே எடுபட்டது. உங்கள் கூட்டத்தில் இரண்டாவது வகையினர் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவர்களுடைய வாதத்தை அவர்கள் எழுந்து சொல்வதற்கு முன், நீங்களே, கேலியில்லாமல், அவர்கள் சொல்வதைவிட நன்றாகவே சொல்லிவிடுங்கள்.

“ஆர்.எம்.டி. இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. 1979 முதல் நடந்துவரும் திட்டம். அதனால் பசியாறிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.” இப்படி ஒப்புக்கொண்ட பிறகு, உங்கள் பள்ளியில் அந்தப் பட்டியலில் இடம்பெறாமல், ஆனாலும் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். அந்த எண்ணைக் கூட்டத்துக்கு முன்பே தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியர்களிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊகமாகச் சொன்னால் அந்த ஒரே இடத்தில் உங்களைப் பிடித்துவிடுவார்கள்.

கைப்பேசிக் கேள்வி கடினமானது, ஏனென்றால் அதில் கோபம் இருக்கிறது. அதோடு வாதாட வேண்டாம். “பெற்றோர் தவறே செய்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளை அந்தத் தவறுக்குத் தண்டனையாகக் காலையில் பட்டினி கிடக்க வேண்டுமா?” என்று கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுங்கள். யாரையும் குற்றவாளியாக்காமல் பேச்சு பிள்ளையிடம் திரும்பிவிடும். கூடவே 2021-ஐ நினைவூட்டலாம். நடமாட்டக் கட்டுப்பாட்டின் போது, அந்த ஆண்டின் நடுவில், உணவில்லாத வீடுகள் சன்னலில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும், அக்கம்பக்கத்தார் உதவுவார்கள் என்ற வெள்ளைக் கொடி இயக்கம் நாடெங்கும் பரவியது. யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. யாரும் விசாரணை நடத்தவுமில்லை. பந்தாய் டாலாமில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் உங்கள் அவையிலேயே இருப்பார்கள். அவர்கள் செய்த நல்ல காரியத்தை அவர்களுக்கே எடுத்துச் சொல்வதைவிட வலுவான ஆதாரம் வேறு கிடைக்காது.

இனி காமராஜர். அவர் பெயரைச் சொன்னால் நம் பெரியவர்கள் நெகிழ்வார்கள், அதில் ஐயமில்லை. 1956-இல் அவர் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பெருமைக்குரியவைதான். 2001-இல் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களின் அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டதற்குத் தமிழ்நாட்டின் அனுபவம் கண்முன் நின்றது. ஆனால் உங்கள் காரியத்துக்கு இந்த எடுத்துக்காட்டுகள் இடைஞ்சலாகலாம். ‘அதெல்லாம் அரசாங்கம் செய்தது, இங்கேயும் அரசாங்கம் செய்யட்டும்’ என்று ஒருவர் எழுந்தால் உங்களிடம் பதில் இருக்காது.

அதற்கு முந்திய கதை ஒன்று உங்களுக்குப் பொருந்தும். 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த ஒரே ஒரு மாநகராட்சிப் பள்ளியில், ஒரு மாணவருக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்க ஒப்புதல் தந்தது. அந்தப் பள்ளியில் மாணவர் சேர்க்கை கூடியது. அதைப் பார்த்துத் திட்டத்தை இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். தீர்மானத்தின் வடிவத்தைக் கவனியுங்கள்: எந்தப் பள்ளி, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு. ‘தமிழ்ச் சமுதாயத்தின் பசியைப் போக்குவோம்’ என்று அவர்கள் தீர்மானம் போடவில்லை.

உங்கள் கோரிக்கையும் அப்படியே இருக்கட்டும். ஓர் எடுத்துக்காட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இருபது பிள்ளைகள், சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் பேசி ஒரு முட்டையுடன் நாசி லெமாக்கும் ஒரு குவளை மைலோவும் 3 ரிங்கிட்டுக்கு ஏற்பாடு செய்ய முடிகிறது, மாதத்துக்கு இருபது பள்ளி நாள். மொத்தம் 1,200 ரிங்கிட். 120 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு மாதம் 10 ரிங்கிட். உங்கள் பள்ளியின் உண்மையான விலையையும் எண்ணிக்கையையும் போட்டு இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி, கீழே பெயரும் கையெழுத்தும் இட இடம்விட்டு, பேச்சு முடியும் முன்பே வரிசைதோறும் அனுப்பிவிடுங்கள். கூட்டம் முடிந்து தேநீருக்குப் போன பிறகு தாளை நீட்டினால் ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார்கள். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது, எல்லாரும் மதிக்கும் ஒருவருடையதாக இருந்தால் நல்லது. அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதில் தவறொன்றுமில்லை.

காலத்தையும் குறுக்கிக்கொள்ளுங்கள். ‘இனி எந்நாளும்’ என்று கேட்காமல், ‘இந்தத் தவணை முடியும் வரை, முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம், தொடரலாமா என்று அப்போது முடிவு செய்வோம்’ என்று கேளுங்கள். மேலே கல்லூரி மாணவருக்கு நான் எழுதிய பதிலையும் படித்துவிடுங்கள். ரோமில் கூடியவர்களுக்குப் பத்தாண்டுக் கெடு ஏன் சுமையாயிற்று என்பது உங்களுக்குப் பயன்படும்.

*

கேள்வி: பேசும்போது எனக்குத் தொண்டை அடைத்து அழுகை வந்துவிடுகிறது. மறைக்க வேண்டுமா?
– இளைஞர், பிறை

பதில்: வந்தால் வரட்டும், நிறுத்தி, தண்ணீர் குடித்து, தொடருங்கள். வரவழைக்க மட்டும் வேண்டாம். ஒத்திகையின் போது எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ அந்த வரியைச் சுருக்கிவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

*

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆர்.எம்.டி. உணவு பெறும் மாணவி ஒருத்தி நன்றாகப் பேசுவாள். பசி ஒழிப்பு உரையை அவளே தன் சொந்த அனுபவமாகச் சொன்னால் அவையை உருக்கிவிடும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் மிகையாக யோசிக்கிறேனா?
– ஆசிரியர், ஜோர்ஜ் டவுன்

பதில்: இல்லை. அவை உருகும் என்பது உண்மை. சொந்த அனுபவத்துக்கு உள்ள வலு வேறெந்த உத்திக்கும் கிடையாது. சொல்பவரை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. அந்த வலுவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மறுநாள் ஓய்வு நேரத்தில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, அவளைப் பார்ப்பவர்கள் பேச்சாளராகப் பார்க்கமாட்டார்கள். பன்னிரண்டு வயதில் ‘ஏழைப் பிள்ளை’ என்ற பெயரை மேடையில் வாங்கினால், இடைநிலைப்பள்ளி வரை அது கூடவே வரும். ஆசிரியர் கேட்கும்போது ‘முடியாது’ என்று சொல்ல அந்த வயதில் எத்தனை பிள்ளைகளுக்குத் துணிவு இருக்கும்?

அவள் நன்றாகப் பேசுவாள் என்றால் பேசட்டும். உரையைப் படர்க்கையில் எழுதுங்கள். செந்தூல் ஆசிரியைக்கு நான் காட்டிய தொடக்கத்தைப் போல, ‘நினைத்துப் பாருங்கள்’ என்று. அவளுக்குத் தெரிந்த உண்மைகள் உரைக்குள் வரலாம்: எந்தப் பாட வேளையில் தலை சுற்றும், வயிறு கத்தும் ஓசையை மறைக்க எப்படி நாற்காலியை நகர்த்துவார்கள் என்பவையெல்லாம் அவள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அவை யாருடைய அனுபவம் என்று அவைக்குத் தெரிய வேண்டியதில்லை. அதன் பிறகும் அவளே ‘நான்’ என்று சொல்லிப் பேச விரும்பினால், அவள் அம்மாவை அழைத்து, அவள் இல்லாத நேரத்தில் ஒரு முறையும் அவளை வைத்துக்கொண்டு ஒரு முறையும் பேசுங்கள். இருவரில் ஒருவர் தயங்கினாலும் படர்க்கை உரையையே வைத்துக்கொள்ளுங்கள். சக ஆசிரியர்கள் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லிவிடலாம்.